27 வாத்தியம் வாசித்தும் பாட்டு சொந்தமில்லை! 'ஒத்தை ஆள் பேண்டு' வாலிபர்களே உஷார்

தாம்பரம்:

பாட்டு எழுதியது யார்? அவர். மெட்டுப் போட்டது? அவரே. கிடார், பேஸ், டிரம்ஸ், கீபோர்டு, குரல், மிக்சிங்? எல்லாம் அவர்தான். அட்டைப் படத்தை டிசைன் செய்தவரும் அவரே. பேண்டுக்கு ஸ்டைலாக ஒரு பெயர் இருக்கிறது. பேண்டில் இருப்பதோ ஒரே ஒரு ஆள்!

'ஒன் மேன் பேண்டு' என்று சொல்லப்படும் இந்த ஒத்தை ஆள் இசைக்குழுக்கள் உலகம் முழுக்க பெருகி வருகின்றன. முன்பெல்லாம் முதல் ஆல்பம் போட வேண்டும் என்றால் ஸ்டூடியோ வாடகை, வாத்தியக்காரர் சம்பளம், கம்பெனிக்காரர் சிபாரிசு என்று மூன்று மலை ஏற வேண்டும். இப்போது ஒரு கம்ப்யூட்டர், ஒரு மைக், கதவைச் சாத்திக்கொள்ள ஒரு ரூம் இருந்தால் போதும். தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை, பல்லாவரம், மேடவாக்கம் பக்கம் வாடகை வீட்டில் இருக்கும் வாலிபருக்கும் இது எட்டுகிற விஷயமாகிவிட்டது.

சரி, பாட்டு போட்டாச்சு. அந்தப் பாட்டு யாருக்குச் சொந்தம்? அதில் வரும் காசு யார் பாக்கெட்டுக்குப் போகும்? இந்த இடத்தில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். உலகமே கொண்டாடிய ஒரு பாடகரே இதில் மாட்டிக்கொண்டு பல வருடம் தவித்த கதை உண்டு.

'பங்க்' என்றால் பெட்ரோல் பங்க் இல்லை

ஒத்தை ஆள் பேண்டுகளுக்குப் பிடித்த இசை வகைகளில் ஒன்று 'போஸ்ட் பங்க் ஃபங்க்'. பெயரைக் கேட்டதும் தலை சுற்ற வேண்டாம். விஷயம் ரொம்ப சிம்பிள்.

1980-களில் நம்ம ஊர் வாலிபர்கள் கழுத்துக்குப் பின்னால் முடி வளர்த்து 'பங்க்' வைத்துக்கொண்டு திரிந்தது பெரியவர்களுக்கு நினைவிருக்கும். அது தலைமுடி விஷயம். இது பாட்டு விஷயம்.

1976, 77-ல் லண்டனில் வேலை இல்லாத இளைஞர்கள் கோபத்தோடு கிடாரை எடுத்து வாசித்தார்கள். மூன்று ஸ்வரக்கட்டு தெரிந்தால் போதும், மேடை ஏறலாம் என்றார்கள். அதுதான் 'பங்க் ராக்'. இன்னொரு பக்கம் அமெரிக்காவில் ஜேம்ஸ் பிரவுன் போன்ற கறுப்பின கலைஞர்கள் 'ஃபங்க்' என்ற ஆட்ட இசையைக் கொண்டு வந்தார்கள். அதில் தாளத்தின் முதல் அடி 'டொம்' என்று நெஞ்சில் விழும். பேஸ் கிடார்தான் ஹீரோ. நம்ம ஊர் குத்துப் பாட்டில் அடி விழுந்ததும் கால் தானாக ஆடுகிறதே, கிட்டத்தட்ட அதே வேலை.

இந்த இரண்டையும் கலந்தவர்கள்தான் போஸ்ட் பங்க் கோஷ்டி. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரைச் சேர்ந்த 'கேங் ஆஃப் ஃபோர்' 1979-ல் தன் முதல் ஆல்பத்தை வெளியிட்டது. நியூயார்க்கின் 'டாக்கிங் ஹெட்ஸ்' 1980-ல் ஆப்பிரிக்க தாளத்தைச் சேர்த்து ஒரு ஆல்பம் போட்டது. பாட்டில் கோபம் இருக்கும். ஆனால் ஆடாமல் கேட்க முடியாது.

இதே நியூயார்க்கில் ஏழைகள் வாழும் சவுத் பிராங்ஸ் பகுதியிலிருந்து வந்த அக்கா தங்கைகளின் பேண்டு 'ஈ.எஸ்.ஜி.'. பிள்ளைகள் தெருவில் கெட்டுப் போகக் கூடாது என்று அவர்களுடைய அம்மா வாத்தியங்கள் வாங்கிக் கொடுத்தார். 1981-ல் வந்த அவர்களின் ஒரு இசைத்துண்டை பின்னாளில் ஏராளமான ராப் பாடகர்கள் வெட்டி எடுத்துத் தங்கள் பாட்டில் ஒட்டிக்கொண்டார்கள். நொந்து போன சகோதரிகள் 1992-ல் ஒரு இசைத்தட்டு வெளியிட்டார்கள். 'எங்கள் பெயரைப் போட்டால் மட்டும் எங்கள் பில் கட்டிவிட முடியாது' என்ற அர்த்தத்தில் அதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள்!

ஆக, இந்த இசை பிறந்த நாளிலிருந்தே 'காசு எங்கே?' என்ற கேள்வியும் கூடவே பிறந்துவிட்டது.

19 வயதில் 27 வாத்தியம்

ஒத்தை ஆளாக ஃபங்க் ஆல்பம் போட்டவர்களில் பெரிய கை, அமெரிக்காவின் மினியாபோலிஸ் நகரைச் சேர்ந்த பிரின்ஸ். அவருடைய முதல் ஆல்பம் 1978 ஏப்ரலில் வெளிவந்தது. அப்போது அவருக்கு வயது 19.

அந்த ஆல்பத்தின் அட்டையைத் திருப்பிப் பார்த்தவர்கள் அசந்து போனார்கள். தயாரித்தது, இசை அமைத்தது, பாடியது, வாசித்தது எல்லாம் பிரின்ஸ் என்று போட்டிருந்தது. அவர் வாசித்ததாகக் குறிப்பிடப்பட்ட வாத்தியங்கள் மட்டும் 27. இரண்டு வருடம் கழித்து 1980-ல் வந்த 'டர்ட்டி மைண்ட்' ஆல்பத்தின் பெரும் பகுதியை வீட்டு ஸ்டூடியோவிலேயே தனியாக முடித்தார். அதில் ஃபங்கும் இருந்தது, அந்தக் காலத்து பங்க் வேகமும் இருந்தது.

இவ்வளவும் செய்தவருக்கு அந்த ஒலிப்பதிவு சொந்தமா என்றால், இல்லை. 'மாஸ்டர்' எனப்படும் மூல ஒலிப்பதிவு, அவர் ஒப்பந்தம் போட்ட வார்னர் கம்பெனியின் கையில் இருந்தது. 1990-களில் சண்டை முற்றியது. தன் பெயரையே மாற்றி ஒரு குறியீட்டைப் பெயராக வைத்துக்கொண்டார். கன்னத்தில் 'அடிமை' என்று எழுதிக்கொண்டு மேடைக்கு வந்தார். பழைய மாஸ்டர்களின் உரிமை 2014-ல்தான் அவர் கைக்குத் திரும்பியது. முதல் ஆல்பம் வந்து 36 வருடம்! அதற்குப் பிறகு 2 வருடத்தில், 2016 ஏப்ரலில் அவர் இறந்து போனார்.

27 வாத்தியம் வாசிக்கத் தெரிந்தவரை மடக்கியது ஒரு காகிதம். முதல் ஆல்பம் போடும் ஆர்வத்தில் போட்ட கையெழுத்து.

கோடம்பாக்கத்திலும் ஒரு ரூம்

நம்ம ஊரில் கதை வேறு மாதிரி போனது. 1970, 80-களில் சினிமா பாட்டு என்றால் பெரிய ஸ்டூடியோவில் ஒரே நேரத்தில் வயலின்காரர்கள், தபேலா, டிரம்ஸ், புல்லாங்குழல் என்று ஒரு படையே உட்கார்ந்து வாசிக்கும். இளையராஜா பாட்டில் பேஸ் கிடார் தனியாகப் பேசுவதை ரசிகர்கள் இன்றைக்கும் சிலாகிக்கிறார்கள். அதை வாசித்தவர் சசிதரன். டிரம்ஸ் வாசித்தவர் புருஷோத்தமன். ஆனால் அந்தக் காலத்தில் பாட்டு கேட்ட பெரும்பாலானவர்களுக்கு இந்தப் பெயர்கள் தெரியாது.

1986-ல் விக்ரம், புன்னகை மன்னன் படங்களில் கம்ப்யூட்டர் இசை எட்டிப் பார்த்தது. இளையராஜா குழுவில் கீபோர்டு வாசித்தவர்களில் ஒருவரான ஏ.ஆர்.ரகுமான், 1989-ல் கோடம்பாக்கத்தில் தன் வீட்டுக் கொல்லைப்புறத்திலேயே 'பஞ்சதன் ரெக்கார்டு இன்' என்ற ஸ்டூடியோவைக் கட்டினார். அப்பா ஆர்.கே.சேகர் சிறு வயதிலேயே இறந்துவிட, அவர் விட்டுச் சென்ற வாத்தியங்களை வாடகைக்கு விட்டுப் பிழைத்த குடும்பம் அது. 1992-ல் வந்த ரோஜா படத்துக்கு அவர் வாங்கிய சம்பளம் 25 ஆயிரம் ரூபாய்.

அந்த ஒரு ரூம் தமிழ் சினிமா இசையின் வேலை முறையையே மாற்றியது. படையாக உட்கார்ந்து வாசித்தது போய், ஒவ்வொருவராக வந்து வாசித்துவிட்டுப் போகும் முறை வந்தது. கேசட் அட்டையில் வாத்தியக்காரர்களின் பெயரையும் ரகுமான் போட்டார் என்பது குறிப்பிடத்தக்கது.

கொல்லைப்புற ஸ்டூடியோவில் நடந்தது, அப்புறம் தெரு மேடைக்கும் வந்தது. ஆடி மாதம் அம்மன் கோவில் திருவிழா, கல்யாண ரிசப்ஷன் என்றால் முன்பு மேடை நிறைய ஆட்கள் இருப்பார்கள். டிரம்பெட் இருக்கும், பேங்கோஸ் இருக்கும், கிடார் இரண்டு இருக்கும். பிறகு ஒரு கீபோர்டும் ஒரு ரிதம் பேடும் அத்தனை பேர் வேலையையும் பார்த்தன. அதற்கும் பிறகு டிராக்கைப் போட்டுவிட்டுப் பாடும் கரோக்கி வந்துவிட்டது. கையில் தொழில் இருந்தும் மேடை இல்லாமல் ஆட்டோ ஓட்டப் போனவர்கள், கடையில் வேலைக்குப் போனவர்கள் புறநகரில் உண்டு.

ஒத்தை ஆள் பேண்டைக் கொண்டாடும்போது இந்த இழப்பையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். ஆனால் ஆல்பம் போட நினைக்கும் வாலிபரைக் குறை சொல்லவும் முடியாது. 2018 ஜனவரியில் சென்னை கீழ்ப்பாக்கத்தில் முதல் கச்சேரி நடத்திய 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவில் 19 பேர் இருந்தார்கள். கானாவும் ராப்பும் ராக்கும் கலந்து அரசியல் பேசிய குழு அது. அதற்கு இயக்குநர் பா.ரஞ்சித் பின்னால் நின்றார். அப்படி ஆதரவு இல்லாத ஒரு சாதாரண வாலிபர் 19 பேருக்குச் சாப்பாடும் வண்டி வாடகையும் கொடுக்க எங்கே போவார்? 4 பேர் பேண்டிலேயே ஒருத்தருக்கு நைட் ஷிப்ட், ஒருத்தருக்கு பெங்களூரில் வேலை. கடைசியில் மிச்சம் இருப்பது ஒருத்தர்.

ரயில் சத்தமும் பேஸ் கிடாரும்

தென் சென்னை புறநகருக்கும் இந்த இசைக்கும் பொருத்தம் உண்டா? உண்டு.

தாம்பரம் பக்கம் ரெக்கார்டிங் செய்வது லேசான காரியம் இல்லை. 1931-ல் இருந்து ஓடும் பீச்-தாம்பரம் மின்சார ரயில் ஒரு பக்கம். மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானம் ஒரு பக்கம். ஜி.எஸ்.டி. ரோட்டில் பஸ் ஹாரன். போதாக்குறைக்குப் பக்கத்து வீட்டு குக்கர் விசில். மைக்கை ஆன் செய்தால் அத்தனையும் பாட்டுக்குள் வந்துவிடும்.

ஆனால் பேஸ் கிடாருக்கு மைக் தேவையில்லை. ஒயரை நேராக ஒரு சின்ன பெட்டியில் சொருகி, அதிலிருந்து கம்ப்யூட்டருக்குக் கொடுத்துவிடலாம். வெளியே இடியே விழுந்தாலும் ரெக்கார்டிங்கில் கேட்காது. நிஜ டிரம்ஸ் செட்டை அடுக்குமாடி வீட்டில் அடித்தால் கீழ் வீட்டுக்காரர் சும்மா விடுவாரா? இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலி விதிமுறை வேறு கடுமையானது. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவில் 45 டெசிபல்தான் சட்ட அளவு. அதனால் டிரம்ஸை கம்ப்யூட்டரிலோ பேடிலோ விரலால் தட்டி, காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு முடித்துவிடலாம். குரல் ஒன்றுதான் பாக்கி. கடைசி ரயில் போனதற்கும் முதல் ரயில் வருவதற்கும் நடுவில் போர்வையைச் சுற்றிக் கட்டிப் பாடிவிடலாம்.

பேஸும் தாளமும் முன்னால் நிற்க, குரல் அளவாக வரும் இசை இது. கத்தி வாசிக்க முடியாத வீட்டுக்கு ஏற்ற இசை என்றே சொல்லலாம்.

பணச் செலவும் குறைந்துவிட்டது. போனிலேயே ஓடும் 'பேண்ட்லேப்', ஆப்பிள் போனில் வரும் 'கராஜ்பேண்ட்' இரண்டும் இலவசம். பழைய கீபோர்டு, ஸ்பீக்கர் பெட்டி வேண்டும் என்றால் பல்லாவரம் வெள்ளிக்கிழமை சந்தையில் தேடிப் பார்ப்பவர்கள் உண்டு. 1937-ல் இருந்து தாம்பரத்தில் இருக்கும் சென்னை கிறிஸ்தவக் கல்லூரியின் 'டீப் உட்ஸ்', கிண்டி ஐ.ஐ.டி.யின் 'சாரங்' போன்ற கல்லூரி விழாக்கள் சென்னை மாணவர் பேண்டுகளுக்கு மேடை கொடுத்திருக்கின்றன. ஆக, ஆர்வத்துக்கும் குறைவில்லை, கருவிக்கும் குறைவில்லை.

பாட்டுக்கும் பட்டா உண்டு

இனிமேல்தான் முக்கியமான விஷயம். புறநகரில் இடம் வாங்கியவர்களுக்கு இது சட்டென்று புரியும்.

மனை ஒருத்தர் பேரில், கட்டடம் இன்னொருத்தர் பேரில் இருப்பது போல, ஒரு பாட்டுக்குள் பல சொத்து இருக்கிறது. பாட்டு வரி ஒரு சொத்து. மெட்டு ஒரு சொத்து. ரெக்கார்டு செய்த ஒலிப்பதிவு, அதாவது மாஸ்டர், இன்னொரு சொத்து. பாடியவருக்கும் வாசித்தவருக்கும் தனியாக உரிமை உண்டு.

சினிமாவில் இந்தச் சொத்துகள் ஆளுக்கொரு பக்கம் பிரிந்து கிடக்கும். அதனால்தான் 'பாட்டு யாருக்குச் சொந்தம்' என்று இளையராஜா தொடர்பான வழக்குகள் வருடக்கணக்கில் கோர்ட்டில் நடக்கின்றன. 2024-ல் 'மஞ்சும்மல் பாய்ஸ்', 2025-ல் 'குட் பேட் அக்லி' படங்களுக்கு அவர் தரப்பில் நோட்டீஸ் போனது ஞாபகம் இருக்கலாம்.

ஒத்தை ஆள் பேண்டில் இந்தத் தகராறுக்கே இடமில்லை. எழுதியதும் அவர், மெட்டும் அவர், வாசித்ததும் அவர், கைக்காசு போட்டு ரெக்கார்டு செய்ததும் அவர். எல்லாப் பட்டாவும் ஒரே பேரில்! கம்பெனி இல்லாத, சிபாரிசு இல்லாத அந்த வாலிபரின் ஒரே பெரிய சொத்து இதுதான். அதைத்தான் பலர் முதல் சந்திப்பிலேயே தூக்கிக் கொடுத்துவிடுகிறார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

பாட்டை உருவாக்கிப் பதிவு செய்த உடனேயே காப்புரிமை வந்துவிடும். அரசிடம் பதிவு செய்வது கட்டாயம் இல்லை. பதிவு செய்தால் தகராறு வரும்போது சாட்சியாக உதவும். 2013 விதிகளின்படி வரிக்கோ மெட்டுக்கோ பதிவுக் கட்டணம் தலா 500 ரூபாய், ஒலிப்பதிவுக்கு 2,000 ரூபாய்.

வரிக்கும் மெட்டுக்கும் காப்புரிமை, படைத்தவரின் ஆயுள் முழுக்க, அதற்குப் பிறகும் 60 வருடம். ஒலிப்பதிவுக்கு வெளியான பிறகு 60 வருடம். அதாவது இன்றைக்கு 22 வயது வாலிபர் போடும் பாட்டு அவருடைய பேரன் காலம் வரை சம்பாதிக்க வாய்ப்பு உண்டு.

2012-ல் சட்டத்தில் முக்கியமான திருத்தம் வந்தது. எழுதியவருக்கும் மெட்டுப் போட்டவருக்கும் வர வேண்டிய ராயல்டி பங்கை கம்பெனி எழுதி வாங்கிக்கொள்ள முடியாது. அப்படி ஒப்பந்தம் போட்டாலும் அந்தப் பகுதி செல்லாது. சினிமாவில் வராத தனிப் பாட்டுக்கும் இது பொருந்தும். இந்த ராயல்டியை வசூலித்துக் கொடுக்கும் 'ஐ.பி.ஆர்.எஸ்.' என்ற அமைப்பு மும்பையில் இருக்கிறது. 2017-ல் மீண்டும் முறைப்படி பதிவு பெற்ற அமைப்பு அது. அதில் உறுப்பினர் ஆனால்தான் பங்கு வீடு வந்து சேரும்.

ஆனால் மாஸ்டர் விஷயம் வேறு. அதை முழுசாக எழுதிக் கொடுத்தால் போனது போனதுதான். இங்கேயும் சட்டத்தில் ஒரு சின்ன பாதுகாப்பு இருக்கிறது. ஒப்பந்தத்தில் எத்தனை வருடம் என்று குறிப்பிடாவிட்டால் 5 வருடம் என்றுதான் அர்த்தம். எந்த நாட்டுக்கு என்று குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும் என்று அர்த்தம். அதனால்தான் கம்பெனி ஒப்பந்தங்களில் 'என்றென்றைக்கும்', 'உலகம் முழுவதும்' என்ற இரண்டு வார்த்தைகள் இடம் பிடிக்கின்றன. அந்த இரண்டையும் பார்த்தால் பேனாவைக் கீழே வைத்துவிட்டு யோசிக்க வேண்டும்.

40 கோடி பார்வை... காசு?

"இதெல்லாம் வெளிநாட்டுக் கதை, சினிமாக் கதை" என்று நினைத்தால், 'என்ஜாய் எஞ்சாமி'யைப் பார்க்கலாம். 2021 மார்ச்சில் வெளிவந்த இந்தத் தனிப் பாட்டு யூடியூபில் 40 கோடி பார்வைகளைத் தாண்டியது. பாடியவர்கள் தீ மற்றும் அறிவு. தயாரித்தவர் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன். ரகுமானின் பெயரும் சேர்ந்திருந்த 'மாஜா' நிறுவனம் வெளியிட்டது.

2022 ஜூலை 28-ந்தேதி சென்னையில் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழா மேடையில் அறிவு இல்லாமல் அந்தப் பாட்டு அரங்கேறியது. பாட்டை எழுதி, மெட்டமைத்துப் பாடியது தான்தான் என்று அறிவு குமுறினார். வருமானமும் உரிமையும் 3 பேருக்கும் சமம் என்று சந்தோஷ் நாராயணன் விளக்கம் கொடுத்தார்.

2024 மார்ச்சில் அடுத்த பரபரப்பு. பாட்டு வெளியாகி 3 வருடம் ஆகியும் தங்களுக்கு ஒரு பைசா வரவில்லை என்று சந்தோஷ் நாராயணனே வீடியோ வெளியிட்டார். ரகுமானும் இதில் பாதிக்கப்பட்டவர்தான் என்று அவர் சொன்னார். யார் பக்கம் நியாயம் என்பது சம்பந்தப்பட்டவர்கள் தீர்க்க வேண்டிய கணக்கு. ஆனால் பெரிய பெயர்கள் இத்தனை இருந்தும், பார்வை 40 கோடி போயும், காசு விஷயத்தில் இப்படி ஒரு சண்டை வந்தது என்றால், முதல் ஆல்பம் போடும் வாலிபர் எவ்வளவு ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்?

ஆயிரம் தடவை கேட்டால்தான் காசு

கம்பெனியே வேண்டாம், நானே போட்டுக்கொள்கிறேன் என்றால் அதற்கும் வழி இருக்கிறது. பாட்டை எல்லா ஆப்களிலும் ஏற்றிவிட ஆன்லைன் ஏஜென்டுகள் இருக்கிறார்கள். மாஸ்டர் உங்கள் பேரிலேயே இருக்கும். ஆனால் ஆண்டுக் கட்டணம் வாங்கும் ஏஜென்டிடம் ஒரு வருடம் பணம் கட்டாவிட்டால் பாட்டு ஆப்பிலிருந்து இறங்கிவிடும் ஆபத்து உண்டு. கமிஷன் எடுக்கும் ஏஜென்டும் இருக்கிறார். எது லாபம் என்று கணக்குப் போட்டுச் சேர வேண்டும்.

வருமானம்? 2019 பிப்ரவரியில் இந்தியாவுக்கு வந்த 'ஸ்பாடிபை', 2024 முதல் ஒரு விதி கொண்டு வந்தது. ஒரு பாட்டை 12 மாதத்தில் குறைந்தது 1,000 தடவை கேட்டிருந்தால்தான் அந்தப் பாட்டுக்கு ராயல்டி. 999 தடவை என்றால் கை விரிப்புதான். யூடியூபில் விளம்பரக் காசு வேண்டும் என்றால் சேனலுக்கு 1,000 சந்தாதாரர்கள் வேண்டும். அதோடு ஒரு வருடத்தில் 4,000 மணி நேரம் பார்க்கப்பட்டிருக்க வேண்டும். அல்லது 'ஷார்ட்ஸ்' வீடியோக்கள் 90 நாளில் ஒரு கோடி பார்வை பெற வேண்டும்.

ஆப்பையே நம்பி இருப்பதும் ஆபத்து. 2024 ஜனவரியோடு 'ரெஸ்ஸோ' இந்தியாவில் மூடப்பட்டது. அதே வருடம் ஏர்டெல்லின் 'விங்க் மியூசிக்'கும் கடையைக் கட்டியது. அதனால் மூல ஒலிப்பதிவை இரண்டு ஹார்டு டிஸ்க்கில் தனித்தனியாக வைத்திருப்பது அவசியம்.

இன்னொரு கண்ணி வெடி, இலவசமாகக் கிடைக்கும் ரெடிமேட் 'லூப்'. அதே தாளத்துண்டை உலகத்தில் இன்னும் பல பேர் பயன்படுத்தியிருப்பார்கள். அதில் ஒருத்தர் தன்னுடையது என்று முதலில் பதிந்துவிட்டால், யூடியூபின் கம்ப்யூட்டர் உங்கள் பாட்டை 'காப்பி' என்று பிடித்து, விளம்பரக் காசை அவருக்குத் திருப்பிவிடும். சொந்த விரலால் வாசித்த பேஸுக்கும் தாளத்துக்கும் இந்த வம்பு குறைவு.

ஆளே இல்லாத பேண்டு!

இதற்கிடையே புதுசாக ஒரு போட்டி கிளம்பியிருக்கிறது. ஒத்தை ஆள் பேண்டு போய், ஆளே இல்லாத பேண்டு வந்துவிட்டது. 2025 ஜூனில் 'தி வெல்வெட் சன்டவுன்' என்ற பேண்டு ஸ்பாடிபையில் முளைத்தது. சில வாரங்களில் மாதம் 10 லட்சம் பேர் கேட்கும் அளவுக்குப் போனது. பிறகுதான் அது செயற்கை நுண்ணறிவு உதவியோடு செய்த இசை என்று தெரியவந்தது. தங்களிடம் தினமும் வந்து சேரும் பாட்டுகளில் 18 சதவீதம், அதாவது 20 ஆயிரத்துக்கும் மேல், முழுக்க ஏ.ஐ. செய்தவை என்று பிரான்சின் 'டீசர்' நிறுவனம் 2025 ஏப்ரலில் சொன்னது.

நம்ம ஊரிலும் 2024-ல் 'லால் சலாம்' படத்தில் மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது இருவரின் குரலையும் ஏ.ஐ. மூலம் ரகுமான் கொண்டு வந்தார். குடும்பத்தாரிடம் அனுமதி பெற்று, உரிய பணமும் கொடுத்ததாக அவர் விளக்கினார். எல்லாரும் அப்படிக் கேட்டுவிட்டுத்தான் செய்வார்கள் என்று சொல்ல முடியாது. குரலும் ஒரு சொத்து என்பதை இனி போடும் ஒப்பந்தத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும். 'குரலை ஏ.ஐ.க்குப் பயன்படுத்திக்கொள்ளலாம்' என்று எங்காவது பொடி எழுத்தில் இருக்கிறதா என்று தேடிப் படிக்க வேண்டும்.

இந்தக் கூட்டத்தில் ஒரு நிஜ மனுஷனின் முதல் ஆல்பம் எப்படித் தெரியும்? அதற்கு நேரில் வாசிப்பதுதான் வழி. ஒத்தை ஆள் பேண்டுக்கு இது கஷ்டம். இரண்டு கையில் 5 வாத்தியம் வாசிக்க முடியாது. அதற்குத்தான் வாசித்ததை அப்போதே பதிந்து திரும்பத் திரும்ப ஓட விடும் 'லூப்பர்' கருவி இருக்கிறது. அல்லது மேடைக்கு மட்டும் இரண்டு வாத்தியக்காரர்களை கூலிக்கு அழைக்கலாம். பிரின்சும் அதைத்தான் செய்தார். ஸ்டூடியோவில் தனி ஆள், மேடையில் குழு. கச்சேரி இல்லாமல் உட்கார்ந்திருக்கும் நம்ம பகுதி டிரம்மருக்கும் அதில் ஒரு நாள் சம்பளம் கிடைக்கும்.

அப்பா அம்மா கவனத்துக்கு

"பையன் ரூமுக்குள்ள கதவைச் சாத்திக்கிட்டு டொம் டொம்னு ஏதோ தட்டிக்கிட்டே இருக்கான்" என்று கவலைப்படும் பெற்றோர் உண்டு. அவர்கள் செய்யக்கூடிய உதவி ஒன்று இருக்கிறது.

புறநகரில் அரை கிரவுண்டு வாங்கவே மூலப் பத்திரம் கேட்கிறோம். வில்லங்க சான்றிதழ் போட்டுப் பார்க்கிறோம். தெரிந்த வக்கீலிடம் ஒரு தடவை காட்டுகிறோம். பிள்ளை பாட்டு ஒப்பந்தத்தை எடுத்துக்கொண்டு வந்தாலும் அதே மாதிரி உட்கார்ந்து படிக்க வேண்டும். எத்தனை வருடம்? எந்த நாட்டுக்கு? மாஸ்டர் யார் பேரில்? கணக்கு எத்தனை மாதத்துக்கு ஒரு தடவை காட்டுவார்கள்? இந்த 4 கேள்விக்கும் எழுத்தில் பதில் இல்லாமல் கையெழுத்துப் போட விடக் கூடாது. கோரஸ் பாட வந்த நண்பனுக்கு என்ன பங்கு என்பதையும் அன்றைக்கே ஒரு தாளில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டுவிட்டால், பின்னாளில் நட்பும் கெடாது.

வாசிக்கத் தெரிந்தால் ஆல்பம் போட்டுவிடலாம். அது சொந்தமாகவே இருக்க வேண்டும் என்றால் படிக்கவும் தெரிய வேண்டும்.